புதுக்கோழிக்கு முப்பது நாள், குஞ்சுக்கு முதலில் சூடு

தருமபுரம் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு பேட்டுக்கோழிகள் வாங்கினேன். கால்களைக் கட்டி, சைக்கிள் ஹாண்டிலில் தலைகீழாகத் தொங்கவிட்டு விசுவமடுவுக்குக் கொண்டுவந்து, அன்று பின்னேரமே வளவில் நின்ற மற்றக் கோழிகளோடு அவிழ்த்துவிட்டேன். ஆறாம் நாள் விடிய, சேவல் கழுத்தை முறுக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அடுத்த நாள் கூட்டுக்குள் பச்சைக் கழிச்சல். பத்து நாளுக்குள் 23 கோழிகளில் நான்குதான் மிச்சம். வாங்கி வந்த இரண்டும் எருக்கும்பியைக் கிளறிக்கொண்டு சுகமாக நின்றன.

அதுதான் எனக்கு விளங்கவில்லை. வருத்தத்தைக் கொண்டுவந்தவை ஏன் சாகவில்லை? மிருக வைத்தியர்தான் விளக்கினார். தடுப்பு மருந்து பெற்ற கோழி வருத்தத்தில் விழாமல் தப்பலாம். ஆனால் கிருமி உள்ளே புகுந்தால், அதை எச்சத்தோடும் மூச்சோடும் வெளியே விடவும் கூடும். என் பழைய கோழிகளுக்கு நான் ஒரு சொட்டு மருந்தும் போட்டிருக்கவில்லை. பார்வைக்குச் சுகமாக நிற்கிற கோழி சுகமான கோழி என்று நினைத்தது என் பிழை.

அந்த வருத்தத்துக்கு ராணிக்கெட் என்று பெயர், நியூகாசில் என்றும் சொல்வார்கள். 1926 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் கண்டதால் ஒரு பெயர், இந்தியாவின் ராணிக்கேத் மலையூரில் கண்டதால் மற்றப் பெயர். எங்கள் ஒழுங்கையில் "கோழிக்கு வருத்தம் விழுந்திட்டுது" என்று ஒருவர் சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். வந்த பிறகு கொடுக்க மருந்து கிடையாது. கிருமி உடம்பில் புகுந்து அடையாளம் தெரிய 2 நாளும் ஆகலாம், 15 நாளும் ஆகலாம். இந்த 15 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோழியை நான் முப்பது நாள் தனியே வைப்பது அதன் இரண்டு மடங்குக் கணக்கில்தான்.

வாங்கும்போது

விலை திடீரென்று குறைந்திருந்தால் முதலில் அந்த வீட்டின் கூட்டைப் பாருங்கள். வருத்தம் விழுந்த வளவில்தான் எல்லாக் கோழியையும் ஒரே நாளில் விற்க அவசரப்படுவார்கள். பத்து நிமிடம் சும்மா நின்று கோழிகளைப் பார்க்க விடாத ஆளிடம் நான் வாங்குவதில்லை.

கண்ணில் நுரையோ நீரோ இருக்கக்கூடாது. மூக்குத் துளை காய்ந்திருக்க வேண்டும். வாலைத் தூக்கிப் பாருங்கள்: எச்சம் ஒட்டிய இறகு இருந்தால் வேண்டாம். அதே இடத்தில் இறகின் அடியை விரித்தால் பேனும் செள்ளும் ஓடுவது தெரியும். காலில் செதில் தூக்கி, சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தால் அதுவும் ஒரு பூச்சிதான். நெஞ்செலும்பு கத்திபோல் கையில் குத்தினால் உள்ளே புழுவோ நெடுநாள் வருத்தமோ இருக்கிறது. தடுப்பு மருந்து எப்போது போட்டது என்று கேளுங்கள். "எல்லாம் போட்டது" என்று நாள் சொல்லாமல் பதில் வந்தால், போடவில்லை என்றே எடுத்துக்கொள்வேன்.

கொண்டுவருவது கடதாசிப் பெட்டியில், பக்கத்தில் துளை போட்டு, வெயில் ஏறுவதற்கு முன். தலைகீழாகத் தொங்கவிட்டால் மூச்சு முட்டும், கால் மூட்டு விலகும். வந்து சேர்ந்ததும் பெட்டியை எரித்துவிடுங்கள், உள்ளே கொண்டுபோக வேண்டாம்.

விருந்தாளிக் கொட்டில்

புதியவை தங்குவதற்கு வளவின் ஒரு மூலையில் தனிக் கொட்டில் போட்டிருக்கிறேன். நாலு கம்பு, கிடுகுக் கூரை, சுற்றிவரக் கம்பிவலை. 2020 இல் தனிமைப்படுத்தல் என்ற சொல் எல்லா வீட்டுக்கும் வந்த பிறகு பக்கத்து வளவுப் பெடியன் கேட்டான், "என்னக்கா, கோழிக்கும் கொரோனாவோ?" இன்னொருவர் அதற்கு முகாம் என்று பெயர் வைக்கப் பார்த்தார். நாங்கள் 2009 இல் போர் முடிந்தபோது செட்டிகுளம் அகதி முகாமில் கம்பிவேலிக்குள் இருந்து வந்த ஆட்கள். அந்தப் பெயர் வேண்டாம் என்றேன். விருந்தாளிக் கொட்டில் என்றே ஒழுங்கையில் இப்போது சொல்கிறார்கள்.

இடம் தெரிவு செய்வதில்தான் யோசிக்க வேண்டும். பழைய கூட்டிலிருந்து குறைந்தது 10 மீற்றர், வளவு பெரிதென்றால் இன்னும் தள்ளி. வன்னியில் வருடத்தின் ஒரு பாதி சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், மாரியில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். ஆகையால் பழைய கூட்டுக்குத் தென்மேற்கிலோ வடகிழக்கிலோ கொட்டில் போட்டால் ஏதோ ஒரு காலத்தில் தூசியும் இறகும் நேரே பழைய கூட்டுக்குள் போகும். என்னுடையது வடமேற்கு மூலையில் இருக்கிறது. இரண்டு காற்றும் அதைக் குறுக்கே கடந்து போகும். மழை வெள்ளம் கொட்டிலிலிருந்து பழைய கூட்டுப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ ஓடாத இடமாகவும் இருக்க வேண்டும். கார்த்திகை மழையில் ஒரு தரம் வளவில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டால் போதும்.

கூடு எங்கே இருந்தாலும், வருத்தத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது நாங்கள்தான். எங்கள் செருப்பு, எங்கள் கை, எங்கள் வாளி. விடிய எழும்பினால் முதலில் குஞ்சுகள், பிறகு பழைய கோழிகள், கடைசியாகத்தான் விருந்தாளிகள். கொட்டிலுக்குள் போய் வந்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் பழைய பக்கம் திரும்புவதில்லை. கொட்டில் வாசலில் ஒரு சோடி பழைய செருப்பு எப்போதும் கிடக்கும், அது அந்த வேலியைத் தாண்டி வராது. அங்கே பாவிக்கும் வாளிக்கும் சிரட்டைக்கும் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன், பேரப்பிள்ளைகள் மாற்றி எடுக்காமல் இருக்க. கிருமிநாசினி ஊற்றுகிறவர்களுக்கு ஒன்று: எச்சமும் சேறும் ஒட்டியிருக்கும் செருப்பில் அது வேலை செய்யாது. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், அப்புறம்தான் மருந்து.

முப்பது நாளில் என்ன பார்ப்பது

தரையில் உமி போடுவேன். ஆனால் முதல் மூன்று நாளும் கோழி இரவில் தங்கும் தடிக்குக் கீழே பழைய பேப்பர் விரித்துவிடுவேன். விடிய எச்சத்தைப் பார்க்க அதுதான் வசதி. வெள்ளைத் தொப்பியோடு கெட்டியாக இருந்தால் நல்லது. நாளில் சில தரம் மண்ணிறமாகக் களியாகப் போவதும் வழக்கம்தான், பயப்பட வேண்டாம். பச்சைத் தண்ணீர், இரத்தம், நெளிகிற புழு, இவைதான் கவனிக்க வேண்டியவை.

இரவில் எட்டு மணிக்குப் பிறகு விளக்கில்லாமல் கொட்டில் அருகே போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பகலில் கேட்காத தும்மலும் கரகரப்பும் அப்போது கேட்கும். திரும்பும்போது டோர்ச் அடித்துத் தடியின் வெடிப்புகளைப் பாருங்கள். இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு பகலில் வெடிப்புக்குள் ஒளிந்திருந்து இரவில்தான் கோழி மேல் ஏறும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று சொல்வதில் பயனில்லை.

பேனுக்கு அடுப்புச் சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து ஒரு பழைய தாச்சியில் வைத்தால் கோழி தானே குளிக்கும். கூட இருந்தால் செட்டைக்கு அடியிலும் வாலடியிலும் கையால் தேய்த்துவிடுங்கள். ஈர் சாகாது, ஆகையால் ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் செய்ய வேண்டும். கால் செதில் பூச்சிக்குத் தேங்காய் எண்ணெயில் காலை முக்கி எடுத்தால் போதும், வாரம் ஒரு தரம். மண்ணெண்ணெய் பூசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தோல் வெந்துவிடும்.

ஒரு வாரம் சுகமாக இருந்தால் புழு மருந்தும் தடுப்பு மருந்தும் பற்றி மிருக வைத்தியரிடம் கேட்கலாம். சோர்ந்து நிற்கிற கோழிக்குத் தடுப்பு மருந்து போடவே கூடாது.

இருபதாம் நாளுக்குப் பிறகு என் பழைய கோழிகளில் ஒன்றைப் பிடித்து விருந்தாளிகளோடு விடுவேன். பெரும்பாலும் கறிக்கு என்று வைத்திருக்கும் இளஞ்சேவல். அதற்குச் சாட்சிக்கோழி என்று பெயர். புதியவை வெளியே காட்டாமல் ஏதாவது சுமந்துகொண்டிருந்தால் சாட்சி படுத்துவிடும். பாவம்தான், ஆனால் ஒன்று போவது இருபது போவதைவிடப் பரவாயில்லை. இதுவும் முழு உத்தரவாதம் அல்ல. சில சளிக் கிருமிகள் ஒரு கோழியின் உடம்பில் ஆயுள் முழுக்க இருக்கும், மழையோ அலைச்சலோ வந்தால்தான் தலைகாட்டும். அதனால் ஒரு தரம் கண்ணில் நுரை வந்து சுகமான விருந்தாளியை நான் கூட்டத்தோடு சேர்ப்பதில்லை.

நடுவில் இன்னொரு புதுக்கோழி வந்து சேர்ந்தால் எல்லோருக்கும் மறுபடி முதலாம் நாள். இந்த விதியை மீறச் சொல்லி வீட்டிலேயே சண்டை வரும். மீறாதீர்கள்.

சோர்ந்த குஞ்சு

குஞ்சு விஷயத்தில் எல்லோரும் முதலில் தேடுவது மருந்து. நான் முதலில் தேடுவது சூடு. கண்ணை மூடி, செட்டையைத் தொங்கவிட்டு, ஒரு காலில் நிற்கிற குஞ்சின் காலைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்கும். குளிர்ந்த குஞ்சுக்குத் தீன் செரிக்காது. ஆகவே சூடு, பிறகு தண்ணீர், பிறகுதான் தீன். இந்த வரிசையை மாற்றிக் கையோடு குறுணல் ஊட்டி நான் எத்தனையோ குஞ்சுகளைச் சாகவிட்டிருக்கிறேன்.

முதல் வாரத்துக் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை செல்சியஸ் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 பாகை குறைக்கலாம். சித்திரை, வைகாசிப் பகலில் வன்னியில் அதற்காக எதுவும் செய்யத் தேவையில்லை, நிழல்தான் தேவை. மார்கழி, தைப் பனியில் விடியப்புறம் மூன்று மணிக்குத்தான் குஞ்சு சாகும். ஒரு கடதாசிப் பெட்டி, அடியில் உமி, அதன் மேல் பழைய துணி. போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பித் துணி சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குஞ்சு மற்றப் பக்கம் விலக இடம் வேண்டும். இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்ற வேண்டும். கரண்ட் இருந்தால் 40 அல்லது 60 வாட் குண்டு பல்ப் சுலபம், துணியிலும் உமியிலும் முட்டாமல் கட்டுங்கள். குப்பி விளக்கைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். புகையில் ஒரு தொகுதி, தீயில் ஒரு தொகுதி என்று இரண்டு விதமாகவும் எங்கள் ஒழுங்கையில் இழந்திருக்கிறார்கள்.

வெப்பமானி வாங்கத் தேவையில்லை. குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருங்கினால் குளிர். வாயைத் திறந்துகொண்டு ஓரத்துக்கு ஓடினால் சூடு அதிகம். பரவிப் படுத்துக் கிடந்தால் நீங்களும் போய்ப் படுக்கலாம்.

உடம்பு சூடான பிறகு தண்ணீர். வயிற்றோட்டத்துக்கு மனிதர் கரைத்துக் குடிக்கும் ஜீவனிப் பக்கெட் ஒன்றை, அதில் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து ஒரு நாள் இரண்டு நாள் கொடுப்பேன், நாளுக்கு நாள் புதிதாகக் கரைத்து. அது இல்லாவிட்டால் சீனித் தண்ணீர். சொண்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்தால் குஞ்சு தானே விழுங்கும். வாயைப் பிளந்து ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயின் வாசல் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. தண்ணீர்ச் சிரட்டையில் சின்னக் கற்கள் போடுங்கள், ஒரு விரல் ஆழத் தண்ணீரில் குஞ்சு மூழ்கிச் சாகும். கொத்தத் தொடங்கிய பிறகு குஞ்சுத் தீன், அதோடு அவித்த முட்டை மஞ்சள் கொஞ்சம். நன்றாகத் தேறி ஓடத் தொடங்கினால் கறையான் புற்றில் ஒரு பிடி கொத்திக்கொண்டு வந்து போடுவேன். கறையானைப் பார்த்தால் குஞ்சுக்கு வருத்தம் மறந்துபோகும்.

பின்பக்கம் எச்சம் ஒட்டிக் கல்லாகிப் போயிருந்தால் குஞ்சு கழிக்க முடியாமலே செத்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் துணியை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். இழுத்துப் பிடுங்கினால் தோல் கிழியும். நன்றாக உலர்த்தி, ஒரு துளி தேங்காய் எண்ணெய். புதிதாகப் பொரித்த குஞ்சில் வயிற்றுப் பக்கம் காய்ந்து நிற்பது தொப்புள், அதைத் தொடாதீர்கள். எச்ச வாசல் வாலுக்குக் கிட்ட இருக்கும்.

கால் இரண்டும் பக்கத்துக்கு விரிந்த குஞ்சென்றால் வழுக்குகிற பேப்பரில் வளர்ந்திருக்கும். சாதாரண நடை அகலத்துக்கு இரண்டு காலையும் மெல்லிய பண்டேஜ் துண்டால் எட்டுப்போல் கட்டி, தரையில் சாக்கு விரித்தால் முதல் நாட்களில் பிடித்தவை மூன்று நாலு நாளில் நேராகிவிடும். ஒரு கால் முன்னுக்கும் ஒரு கால் பின்னுக்கும் நீட்டிக்கொண்டு விழுகிற வளர்ந்த குஞ்சு வேறு கதை. அது மரெக்ஸ் என்ற வருத்தமாக இருக்கலாம். அதற்கும் மருந்தில்லை, தடுப்பு மருந்தும் பொரித்த நாளிலேயே போட வேண்டியது.

மாரியில் எங்களை அதிகம் அலைக்கழிப்பது இரத்தக் கழிச்சல். 3 முதல் 6 வாரக் குஞ்சில் வரும். காரணமான நுண்ணுயிர் எச்சத்தோடு வெளியே வந்து, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்று இரண்டு நாளில் மற்றக் குஞ்சைப் பிடிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஈர உமிதான் அதன் பண்ணை. உமியைக் கையில் அள்ளி இறுக்கிப் பாருங்கள், உருண்டையாக நின்றால் அன்றே மாற்றுங்கள். இதற்கு மருந்து உண்டு: அம்புரோலியம், தண்ணீரில் கலந்து கொடுப்பது. அளவை மிருக வைத்தியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மருந்து, விற்றமின் பி1 அந்த நுண்ணுயிருக்குக் கிடைக்காமல் தடுத்துத்தான் வேலை செய்கிறது. ஆகையால் அதே நாட்களில் "சத்துக்கு" என்று விற்றமின் தண்ணீரும் கொடுத்தால் ஒன்றை ஒன்று வெட்டும். நான் அப்படிச் செய்து ஒரு வாரம் வீணாக்கினேன்.

மழை விட்டு நுளம்பு பெருகும் காலத்தில் அம்மை வரும். தலைப் பூவிலும் (கொண்டை) கண்ணோரத்திலும் கொப்புளம், பிறகு கறுத்த பொருக்கு. பொருக்கைப் பிடுங்காதீர்கள், அதில்தான் கிருமி இருக்கிறது. கண்ணை உப்புத் தண்ணீரால் கழுவி, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் சுற்றிவரப் பூசலாம். பெரும்பாலும் மூன்று நாலு வாரத்தில் ஆறிவிடும். கண் மூடிப்போன குஞ்சு தீனைக் காணாமல்தான் சாகிறது, கையால் ஊட்ட வேண்டும். தொண்டைக்குள் மஞ்சள் படலம் கண்டால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

அம்மைப் புண்ணுக்கு மஞ்சள் சரி, ராணிக்கெட்டுக்கு மஞ்சளும் உள்ளியும் ஒன்றும் செய்யாது. வீட்டில் மிஞ்சிய மனிதருக்கான கப்சியூலைப் பிரித்துத் தண்ணீரில் கொட்டுவது அதைவிட மோசம். வைத்தியர் கொடுத்த மருந்தென்றாலும், எத்தனை நாளுக்கு முட்டையும் இறைச்சியும் தின்னக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு குப்பி, ஐந்து வீடு

தடுப்பு மருந்து குப்பி ஒன்று நூற்றுக்கு மேற்பட்ட கோழிக்குக் காணும். என்னிடம் இருப்பது இருபது. இதனால்தான் வீட்டுக்கோழி வைத்திருக்கிறவர்கள் மருந்து எடுக்காமலே விடுகிறார்கள். நாங்கள் ஒழுங்கையில் ஐந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் எடுக்கிறோம். காலையில் ஒருவர் ஐஸ் போட்ட பிளாஸ்கோடு போய் வருவார். கலக்கிய பிறகு இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும், வெயில் படக்கூடாது. ஆகையால் முதல் நாள் இரவே எல்லா வீட்டிலும் கோழியை அடைத்து வைத்திருப்போம். குஞ்சுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. முதல் சொட்டு ஏறக்குறைய ஏழாம் நாள், பிறகு மீள்மருந்துகள், அந்த அட்டவணையை உங்கள் பகுதி கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டுக் கூட்டுக் கதவில் ஒட்டுங்கள்.

செத்தால்

எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்று இருக்கிறது. கோழி தூங்கி விழத் தொடங்கினால், சாக முதல் அறுத்துக் கறி வைப்பது. பசியில் இருந்து வந்த ஆட்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அறுத்த இரத்தமும் குடலும் இறகும் வேலியடிக்குப் போகும், நாய் இழுத்துக்கொண்டு நாலு வளவு தாண்டும், காகம் மிச்சத்தைக் கொண்டுபோகும். ஒழுங்கை முழுக்க வருத்தம் பரவுவது இப்படித்தான். இரண்டு மூன்று ஒரே நாளில் செத்தால் அறுக்காமல், விற்காமல், சொந்தக்காரருக்குக் கொடுக்காமல் வைத்தியருக்குச் சொல்லுங்கள். கையில் பொலித்தீன் பை மாட்டித் தூக்கி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் தள்ளி 3 அடிக்குக் குறையாமல் கிடங்கு வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடி, மேலே கல் வையுங்கள். வெறுமையான கூட்டைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதமாவது வெயிலில் விடுங்கள்.

இப்போது என் விருந்தாளிக் கொட்டிலில் மூன்று விடைக்கோழிகள் நிற்கின்றன. இன்று பத்தொன்பதாம் நாள். சாட்சிச் சேவலை நாளை மறுநாள் விடலாம் என்று இருந்தேன். நேற்று இரவு இருட்டில் நின்றபோது ஒன்று இரண்டு தரம் தும்மியது. உமித் தூசியாகவும் இருக்கலாம். உமியை மாற்றிவிட்டேன், இன்று இரவும் போய் நின்று கேட்க வேண்டும்.